அசையக் கூடாத பெட்டிகள்

ஒரு விடுகதை போடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். இருவருக்கும் கால் உண்டு, நடக்க மாட்டார்கள். வாய் உண்டு, உண்ண மாட்டார்கள். ஒரே நேரத்தில் ஒரே பாட்டை இருவரும் பாடுவார்கள். ஆனால் பாட்டு இவனிடமிருந்தும் வராது, அவனிடமிருந்தும் வராது. இருவருக்கும் நடுவே, ஆளே இல்லாத இடத்தில், ஒருத்தி வந்து நின்று பாடுவாள். கையை நீட்டினால் அங்கே காற்றுதான் இருக்கும். அவள் யார்? இளம்பரிதி இதைத் தன் பதினொரு வயது மகள் ஆதிரையிடம் கேட்டபோது அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "மூக்கு" என்றாள். "இந்தப் பக்கம் ஒரு காது, அந்தப் பக்கம் ஒரு காது, நடுவுல மூக்கு." "மூக்கு எங்கம்மா பாடும்?" "சளி பிடிச்சா பாடும்ப்பா." சமையலறையில் இருந்த ரேணுகா சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. விடையை அன்றைக்கு அவன் மகளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடலாம். அந்த இருவரும் இரண்டு ஸ்பீக்கர்கள். இரண்டுக்கும் சமமான தூரத்தில் நீங்கள் உட்கார்ந்தால் இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே சத்தம் ஒரே நொடியில் வந்து சேரும். இரண்டு காதும் கொண்டுவந்ததை மூளை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரி, பாடுகிறவள் நேர் எதிரே நிற்கிறாள் என்று முடிவு செய்துகொள்ளும். அவள் மூளை செய்த ஆள். அவளைச் செய்வதற்கு இரண்டு காது வேண்டும். ஆதிரைக்கு வலது காது கேட்காது.

இந்தச் சனிக்கிழமை மத்தியானம் உறையூர் வீட்டுக் கூடத்தில் இளம்பரிதி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து களியைப் பிசைந்துகொண்டிருந்தான். தின்கிற களி இல்லை. சுவரில் படம் ஒட்டப் பிள்ளைகள் பயன்படுத்துகிற நீலப் பசைக்களியின் அண்ணன் என்று சொல்லலாம், கறுப்பாக, கனமாக, ரப்பர் வாசனையோடு இருக்கும். ஸ்பீக்கர் பெட்டிக்கும் அதைத் தாங்குகிற ஸ்டாண்டுக்கும் நடுவே நான்கு மூலையிலும் பட்டாணி அளவுக்கு உருட்டி வைத்து அழுத்தினால் பெட்டி ஸ்டாண்டோடு ஒட்டிக்கொள்ளும், பெட்டியின் நடுக்கத்தைக் களி குடித்துவிடும். பெட்டி நடுங்கினால் நடுவில் நிற்கிறவளும் நடுங்குவாள், அவள் முகம் கலைந்துபோகும். அசையவே கூடாது. பிசைந்து சூடேற்றிய பிறகுதான் உருட்ட வேண்டும் என்று உறையில் எழுதியிருந்தது. எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. எழுத மாட்டான். எவனும் எதையும் முழுதாகச் சொல்ல மாட்டான். பலன் இருக்கலாம் என்பான், இல்லாமலும் இருக்கலாம் என்பான், பிள்ளையைக் கேட்டு முடிவு பண்ணுங்க என்பான். இளம்பரிதி களியைக் கட்டைவிரலால் குத்தினான். அது பள்ளத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. ரேணுகா மாதிரி. அரை மணிக்கு முன்னால்கூட அவள் ஆதிரையைக் கூட்டிவர ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, தரையில் பரப்பிய இந்தக் கடையை எல்லாம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில்தான் கேட்டாள், "அவளால கேக்க முடியாத ஒண்ணைக் காட்டி என்ன பண்ணப் போறீங்க?" "என்ன இல்லைன்னு தெரிஞ்சாத்தானே வேணும்னு சொல்லுவா." "இல்லைன்னு அவளுக்குத் தெரியாதா? ஆறு வருஷமா அவதானே அந்தக் காதோட இருக்கா." "அப்ப வாயைத் திறந்து சொல்லச் சொல்லு. ஆஸ்பத்திரிக்கு இன்னிக்குச் சாயந்தரம் பதில் சொல்லணும்." "சொல்லுவா. அவளே சொல்லட்டும். நீங்க கொஞ்சம் கத்தாம இருங்க." அவன் கத்தவில்லை. அவன் குரலே அப்படித்தான். தொழிற்சாலையில் பம்புகளுக்கு நடுவே பேசிப் பேசி வந்த குரல் அது. அதைக்கூடக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் புரிந்துகொள்ளாதவளிடம் என்ன பேசுவது?

அவளே சொல்லட்டும். அந்த மூன்று சொல் இல்லை, இரண்டே சொல்தான், நெஞ்சில் எங்கோ நெருஞ்சிமுள் மாதிரி மாட்டிக்கொண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்தியது. பதினொரு வயசுப் பிள்ளை. மழை வரும் என்று தெரிந்தும் குடை எடுக்காமல் போகிற பிள்ளை. இட்லிக்குச் சட்னியா பொடியா என்று கேட்டால் பதில் சொல்வதற்குள் இட்லி ஆறிப்போகும். அதனிடம் போய், அம்மா, காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து உள்ளே ஒரு கம்பியை வைக்கப் போகிறோம், வைக்கட்டுமா வேண்டாமா என்று கேட்பதா? ஆனால் போன வாரம் ஆஸ்பத்திரியில் அந்தக் காது டாக்டர் அதைத்தான் கேட்டார். தாடி வைத்த இளவயசுக்காரர். மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் காதைக் கழற்றி ஆதிரையின் கையில் கொடுத்து, இதோ, உள்காதுல நத்தை மாதிரி சுருண்டிருக்கே, இந்த நத்தைதான் உனக்கு வேலை செய்யலை, இதுக்குள்ள ஒரு மெல்லிசான கம்பியை விட்டா அது நத்தையோட வேலையைச் செய்யும், ஆனா உடனே பேச்சு பேச்சாக் கேக்காது, முதல்ல பூச்சி கத்தற மாதிரி கேக்கும், தினம் தினம் பழகணும், பழகறதுக்கு உனக்கு ஆசை இருந்தாத்தான் பலன் என்றார். பிறகு இவர்கள் பக்கம் திரும்பி, "கட்டாயப்படுத்திப் போட்ட பிள்ளைங்க மூணே மாசத்துல வெளியில மாட்டற மிஷினைக் கழட்டி டிராயர்ல வச்சிடறாங்க சார். இது உங்க முடிவு மட்டும் இல்லை. ஆனா ரொம்பவும் தள்ளிப்போட வேண்டாம், நரம்பு சும்மா கிடக்கக் கிடக்கப் பலன் குறையும்" என்றார். ரேணுகா தலையை ஆட்டினாள். ஆதிரை பிளாஸ்டிக் நத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டால், "யோசிக்கிறேன்ப்பா." என்ன யோசனை? கத்தியை நினைத்துப் பயமா? முடியை மழிப்பார்கள் என்று கவலையா? பள்ளிக்கூடத்தில் பார்த்துச் சிரிப்பார்கள் என்றா? அல்லது ரேணுகா ஏதாவது ஓதிக்கொடுத்திருக்கிறாளா? திரும்பி வரும் வழியிலேயே சிக்னலில் வைத்து அவளிடம் கேட்டுவிட்டான், மண்டையைத் துளைக்கிற விஷயத்தைக் குழந்தைகிட்ட விடறதுக்கு நாம எதுக்கு இருக்கோம் என்று. "மண்டை அவளோடது" என்றாள். பக்கத்து ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். மகள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

களி இப்போது கொஞ்சம் இளகியது. கிள்ளி உருட்டினான். உருண்டை கோணலாக வந்தது. மறுபடி உருட்டினான். ஸ்டாண்டுகள் இரண்டும் பட்டறையில் சொல்லிச் செய்தவை, உள்ளே குழாயாக இருக்கும், அதில் ஆற்று மணலை மொட்டைமாடியில் காயவைத்துச் சலித்து இட்டு நிரப்பியிருந்தான். விரல் மடக்கித் தட்டினால் டிங் என்று சொல்லக் கூடாது, டொப் என்று சொல்ல வேண்டும். இடது ஸ்டாண்டைத் தட்டினான். டொப். வலது ஸ்டாண்டைத் தட்டினான். டொப்பின் வாலில் ஒரு பொடி டிங் இருந்தது. வேறு எவனுக்கும் கேட்டிருக்காது. அவனுக்குக் கேட்கும். அவன் வேலையே அதுதான், கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்புகளின் நடுக்கத்தை அளப்பது. கருவி இருக்கிறது, கணினி இருக்கிறது, ஆனால் இப்போதும் ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங்கின் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டு, இன்னும் ஒரு மாசம் தாங்கும், அதற்குமேல் தாங்காது என்று அவன் சொன்னால் அதன்படியேதான் நடக்கும். பாம்புச்செவி என்று பெயர் வைத்திருந்தார்கள். பாம்புச்செவி வருது, மெதுவாப் பேசுங்கடா என்று அவன் காதுபடவே சொல்வார்கள். பாம்புச்செவிக்கு வீட்டில் என்ன கேட்டது? என்ன கேட்டது என்றால், மகளுக்கு ஒரு காது போன பிறகு ஒரு வருஷம் முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. இல்லை, அந்தப் பக்கம் போக வேண்டாம். அவளுடைய ஒன்றாம் வகுப்பு ஆசிரியைதான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாளெல்லாம் பார்க்கிறவள், இந்தப் பிள்ளை வலது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று கண்டுபிடிக்க வேண்டியவள், கூப்பிட்டா மதிக்கிறதில்லை, கொஞ்சம் திமிர் ஜாஸ்தி என்று எழுதி அனுப்பினாள். அதைப் படித்துவிட்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நிற்க வைத்து, டீச்சர் கூப்பிட்டா என்னன்னு கேக்க மாட்டியா என்று அதட்டியவன் யார்? வேண்டாம். அந்தப் பக்கம் வேண்டாம். உருண்டையை ஸ்டாண்டின் மூலையில் வைத்து அழுத்தினான். அது விரலோடு வந்துவிட்டது. நகத்தால் வழித்து மறுபடி வைத்தான். மறுபடி விரலோடு வந்தது. ஒட்டச் சொன்னதில் ஒட்டாமல் ஒட்ட வேண்டாத இடத்தில் ஒட்டுகிற சனியன். கீழ்வீட்டில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டார்கள். அதன் உறுமல் சுவர் வழியே ஏறித் தரைக்கு வந்து உட்கார்ந்திருந்தவனின் எலும்புவரைக்கும் வந்தது. அந்த மோட்டாருக்கும் பேரிங் போய்விட்டது. சொன்னால் கேட்கிறார்களா? தண்ணி வருதுல்ல சார் என்கிறார்கள்.

கண்டுபிடித்தது ரேணுகா. அதுவும் தற்செயலாக. பேருந்தில் போகும்போது அம்மாவின் இடது கைப்பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளையின் காதில், அப்பா தூங்கறாரு பாரு, மூக்கைப் பிடி என்று ரகசியமாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை சிரித்தது. மூக்கைப் பிடிக்கவில்லை. சொல்றது கேக்குதா என்று மறுபடி கேட்டதற்கும் சிரித்தது. பிறகு தலையைத் திருப்பி இடது காதைக் காட்டி, "இதுல சொல்லும்மா. அது சும்மா காது" என்றது. சும்மா காது. ஆளுக்கு ஒரு காது கேட்பதற்கு, இன்னொன்று தோடு போடுவதற்கு, எல்லாருக்கும் அப்படித்தான் என்று ஒரு வருஷமாக அது நினைத்துக்கொண்டிருந்தது. அவன் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தான், தூங்கவில்லை. எல்லாம் கேட்டது. பேருந்து கீரனூர் தாண்டிக்கொண்டிருந்தது, ஒரு கிழவர் கொய்யாப்பழக் கூடையை அவன் காலில் வைத்திருந்தார், அந்தக் கொய்யா வாசனை இப்போதும் எங்கேயாவது வந்தால் அங்கிருந்து எழுந்து போய்விடுவான். டாக்டர்கள் பழைய கதையைக் கிளறினார்கள். காய்ச்சல் வந்ததா, தலையில் அடிபட்டதா, கன்னம் வீங்கியதா? வீங்கியது. ஐந்து வயசில், புதுக்கோட்டையில் ரேணுகாவின் அக்கா வீட்டில் இருந்தபோது, பொன்னுக்கு வீங்கி. அது எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதானே? இரண்டு கன்னமும் வீங்கி, சின்னப் பூசணிக்காய் மாதிரி அது கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பார்த்துச் சிரித்தது. அந்த அக்கா சொன்னாள், கழுத்துல பொன்னு போடுங்க, இறங்கிடும். இளம்பரிதியின் அப்பா கறுப்புச் சட்டை போட்டு மேடையில் பேசிய மனுஷர். நாள் நட்சத்திரம் பார்க்காத வீடு. அந்த வீட்டுப் பிள்ளை, பொறியியல் படித்தவன், என்ன செய்தான்? பைக்கை எடுத்துக்கொண்டு திருச்சிக்கு வந்தான். வங்கி மூடுவதற்குள் போய் லாக்கரைத் திறந்து சங்கிலியை எடுத்தான். திரும்பிப் போய்த் தன் கையாலேயே அதை மகளின் கழுத்தில் போட்டு, ராணி மாதிரி இருக்கேடா என்று சொல்லிப் புகைப்படமும் எடுத்தான். வங்கி இருந்த தெருவிலேயே ஒரு குழந்தை டாக்டர் இருந்தார். பலகையைப் பார்த்தான். வண்டி நிற்கவில்லை.

பார்த்திருந்தா மட்டும் என்ன சார், ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது, அந்தக் கிருமி நத்தைக்குள்ள போய்ட்டா போனதுதான் என்று தாடிக்காரர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜமாகத்தான் சொன்னாரா? நிஜம்தான். இளம்பரிதி அதைப் பல இடத்தில் தேடிப் படித்துவிட்டான். ஒன்றும் செய்திருக்க முடியாது. அதுதான் அவனுக்கு ஆத்திரம். ஒன்றும் செய்திருக்க முடியாது என்றால் யாரைப் போய்ப் பிடிப்பது? அக்காவைப் பிடித்தான். அவள் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஆசிரியையைப் பிடித்தான். பள்ளிக்கூடத்தை மாற்றினான். ரேணுகாவைப் பிடித்தான். அவள் எங்கேயும் போக முடியாததால் அவளை மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். சங்கிலியை நீ போடச் சொன்னியா, நான் போட்டேனா என்று மாற்றி மாற்றி, வருஷக்கணக்கில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், துணி மடிக்கும்போது, டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும்போது. எங்கே தொடங்கினாலும், தண்ணிக் கேன் சொன்னியா என்பதில் தொடங்கினாலும், அங்கேதான் போய் முடியும். பிறகு கதவு சாத்தும் சத்தம். பிறகு அவள் பாத்திரம் தேய்க்கும் சத்தம். நல்லவேளை, பிள்ளை அதற்குள் தூங்கிவிடும். இந்த வீட்டில் அது ஒன்றுதான் நிம்மதி, படுத்த உடனே தூங்குகிற பிள்ளை. இடது ஸ்டாண்டில் நான்கு உருண்டையும் நின்றுவிட்டன. பெட்டியைத் தூக்கினான். கைக்குழந்தை ஒன்றைத் தூக்குகிற கனம். நேராக மேலிருந்து இறக்க வேண்டும், நகர்த்தக் கூடாது. இறக்கினான். மேலே உள்ளங்கையை வைத்து உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்தினான். களி முனகுவது போல ஒரு சத்தம் விட்டுப் பிடித்துக்கொண்டது. அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. ஒரு நிமிஷம் நெஞ்சின் பாரம் இறங்கியது. இப்படி ஒன்று பிடித்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கிறது.

வலது பெட்டிதான் கெடுத்தது. இறக்கும்போது கீழ்வீட்டு மோட்டார் நின்றது, அந்தத் திடீர் நிசப்தத்தில் கை ஒரு நூல் விலகியது, பெட்டி கோணலாக உட்கார்ந்துவிட்டது. இடது பெட்டி அவனைப் பார்த்தது, வலது பெட்டி ஜன்னலைப் பார்த்தது. எடுத்து வைக்க வேண்டும். எடுக்கும்போது நிதானமாக ஒரு திருகு திருகி எடுக்க வேண்டும், மேலே இழுக்கக் கூடாது, அதுவும் உறையில் எழுதியிருந்தது, அதுவும் அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நீளமாக, விடாமல். அது போன மாதம் தென்னூர் ரோட்டில் அடித்த ஹாரன் ஆகிவிட்டது. ஆதிரை சாலையில் இறங்கி நின்றாள். பேருந்து வலது பக்கமிருந்து வந்தது. ஹாரன் அவளுக்குக் கேட்டது, நன்றாகக் கேட்டது. அவள் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். இடது பக்கம் ஒன்றும் வரவில்லை என்று கண்டு, சமாதானத்தோடு ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். கேட்கிற பக்கத்திலிருந்துதான் எல்லாம் வருகிறது என்று அவளுடைய மூளை முடிவு செய்துகொண்டது, பாவம், அதற்கு வேறு என்ன தெரியும்? அவன் ஓடிப்போய்ப் புத்தகப் பையைப் பிடித்து இழுத்தான். பையின் வார் அறுந்தது. பேருந்தின் காற்று முகத்தில் அடித்தது. நடுச் சாலையில் நின்று மகளைத் திட்டினான். கண்ணு எங்கே இருக்கு, எருமை, எருமை என்று. பூக்காரி ஒருத்தி, பிள்ளையைத் திட்டாதீங்க சார், பயந்துருக்கும் என்றாள். பயந்தவன் யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? இனி எத்தனை சாலை, எத்தனை பேருந்து. காலேஜுக்குப் போவாள், வேலைக்குப் போவாள், சென்னைக்குப் போவாள், ஒவ்வொரு சாலையிலும் பையைப் பிடித்து இழுக்க எவன் நிற்பான்? பூச்சி கத்துகிற மாதிரி கேட்டாலும் போதுமே. வலது பக்கம் ஒரு பூச்சி கத்தினால் போதும், திரும்பிப் பார்ப்பாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டால். அந்தப் பிஞ்சு வாயில் வேண்டாம்ப்பா என்று வந்துவிட்டால், தாடிக்காரர் சரி என்று அடுத்த பிள்ளைக்குத் தேதியைக் கொடுத்துவிடுவார், ரேணுகா தலையாட்டுவாள், எல்லாரும் எவ்வளவு மரியாதையானவர்கள். அவன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தான். வரவில்லை. இன்னும் இழுத்தான். பர்ரென்று ஒரு சத்தம். பெட்டி வந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த தேக்குத்தோல் விரலகலத்துக்கு உரிந்து களியோடு ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டது. உரிந்த இடத்தில் அட்டைமரம் சொரசொரவென்று வெளுத்துத் தெரிந்தது. பெட்டியை மெத்தென்று சோபாவில் வைத்தான், அந்த அளவுக்கு நிதானம் இருந்தது. பிறகு மீதிக் களி முழுவதையும் உருட்டி எடுத்துச் சுவரைப் பார்த்து எறிந்தான். அது விழவில்லை. மளிகைக்கடைக் காலண்டரின் மேல் போய் ஒட்டிக்கொண்டு, அடுத்த வாரம் முழுவதையும் மறைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டபோது வலது பெட்டியை மறுபடி வைத்துவிட்டிருந்தான். காலண்டரிலிருந்து களியைச் சுரண்டி எடுத்து, உரிந்த இடத்தைத் தவிர்த்து மற்ற மூன்று மூலைக்கு மூன்று உருண்டை. மூன்று கால் ஆடாது, அது கணக்கு. நாற்காலியையும் போட்டாகிவிட்டது, இரண்டு பெட்டிக்கும் சமதூரத்தில், நூல் பிடித்து. ஆதிரை உள்ளே வந்து செருப்பை உதறிவிட்டு, "அப்பா, வீடெல்லாம் டயர் கடை வாசனை" என்றாள். ரேணுகா காலண்டரைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். "கை கழுவிட்டு வரட்டும்" என்றாள். "அப்புறம் கழுவலாம். ஆதி, இங்க வந்து உக்காரு. கண்ணை மூடிக்கோ." பிள்ளை உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டது, இமை துடித்தது. தம்பூராவும் ஒரு பெண் குரலும் மட்டும் உள்ள பாட்டு ஒன்றைப் போட்டான். இரண்டு பெட்டியும் அசையவில்லை. நடுவில், டிவி இருந்த இடத்துக்கு முன்னால், பாடுகிறவள் வந்து நின்றாள். அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான், அவனுக்கு அவளுடைய வாய்கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படித் தெளிவாக அவள் நின்றதில்லை. "எங்கேருந்து பாடறாங்க, கையைக் காட்டு." ஆதிரை இடது பெட்டியைக் காட்டினாள். "நல்லாக் கேளு." மறுபடி இடது பெட்டி. "அவசரமில்லை. தலையை ஆட்டாம கேளு. நடுவுல யாராவது நிக்கற மாதிரி இல்லையா?" கண்ணைத் திறக்காமலே பிள்ளை கையை மடியில் இறக்கிக்கொண்டது. பிறகு மெதுவாக, "நடுவுலன்னு சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டது.

"விடுங்க" என்றாள் ரேணுகா. "நான் என்ன செஞ்சேன், பாட்டுத்தானே போட்டேன்?" "பாட்டா போட்டீங்க? பரீட்சை வச்சிருக்கீங்க." "ஆமா, பரீட்சைதான். நீ வைக்கலைன்னா நான்தானே வைக்கணும்? ஒரு வாரமா வாயில கொழுக்கட்டையை வச்சிக்கிட்டிருக்கா, அதுக்கு நீ உடந்தை." "மெதுவா." "இதுக்கு மேல எப்படி மெதுவா?" ஒருத்தி நடுவில் நின்று இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. "சங்கிலி போட்டப்ப மட்டும்" என்று ரேணுகா தொடங்கினாள், தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள், ஏனென்றால் ஆதிரை கண்ணைத் திறந்து இருவரையும் பார்க்காமல் தன் இடது காதை உள்ளங்கையால் மூடியிருந்தாள். மூடியபடியே, கொஞ்சம் உரக்க, "நான் இப்படித்தான் படுத்துக்குவேன்" என்றாள். அவனுக்குப் புரியவில்லை. பாட்டை நிறுத்தினான். மகளுக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து கையைக் காதிலிருந்து எடுத்துவிட்டான். "என்னடா சொல்றே?" "நீங்க ரெண்டு பேரும் சத்தம் போடறப்போ. இந்தக் காதைத் தலகாணியில வச்சுப் படுத்துக்குவேன். ஒண்ணுமே கேக்காது. ஜாலியா இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, பாடப்புத்தகத்தில் விளங்காத கணக்கைக் கேட்கிறவள் போல அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "ரெண்டு காதும் கேட்டா எப்படிப்பா படுக்கிறது?"

அவன் மகளின் கையை விட்டான். விரலிடுக்கில் களி காய்ந்து இழுத்தது. படுத்த உடனே தூங்குகிற பிள்ளை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான், பெருமையாக வேறு. கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தான், யார் மேலாவது, அது எப்போதும் வந்துவிடும், கூப்பிடாமலே வரும். வந்தது, அறை முழுக்கச் சுற்றியது, அக்காவிடம் போய்ப் பார்த்தது, ஆசிரியையிடம், தாடிக்காரரிடம், ரேணுகாவிடம், எங்கும் நிற்காமல் அவனிடமே திரும்பி வந்து அவன் எதிரில் குந்திக்கொண்டது. ரேணுகா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் அழவில்லை. அவள்தான் பேசினாள். "காதுக்குப் பின்னால வெளியில ஒட்டுற பொட்டு மாதிரி மிஷின் காந்தத்துலதான்டா ஒட்டியிருக்கும். டாக்டர் காட்டினாரே. வேணாம்னா கழட்டி வச்சுக்கலாம்." "கழட்டினா?" "கழட்டினா அந்தக் காது கேக்காது. இப்ப மாதிரியே." "நான் நினைச்சப்ப கழட்டலாமா, உங்களைக் கேக்கணுமா?" ரேணுகா அவனைப் பார்த்தாள். அவன் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "கேக்க வேண்டாம்" என்றான். அது அவ்வளவு சின்னதாக வந்ததால் பிள்ளை இடது காதை அவன் பக்கம் திருப்பியது. மறுபடி சொன்னான், "யாரையும் கேக்க வேண்டாம்." கீழ்வீட்டில் மோட்டாரை மறுபடி போட்டார்கள். ஆதிரை நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு யோசித்தாள். ரேணுகாவின் கைப்பையில் போன் அடித்தது, ஆஸ்பத்திரிக்காரர்கள்தான். எடுப்பதற்கு முன்னால் ரேணுகா மகளைப் பார்த்தாள்.

ஆபரேஷன் செய்துகொள்வதாக ஆதிரை சொன்னாள். ராத்திரியில் கழற்றி வைத்துவிடுவதாகவும் சொன்னாள்.